எங்கேயும் நிக்காத வண்டி

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஜெபப் புத்தகம் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் எழுதிப் பழக்கம் இல்லை. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்லலாம் என்றால் அது அதைவிட மோசம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். அதைப் பார்த்து வாங்கின கதைதான் இது. ஆனால் காருக்கு முன்னால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளை வேடசந்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை நூல் மில்லில் ஷிப்டு வேலை. தங்கமான பையன். இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் பாதியில் போய்விட்டது. எங்கள் பக்கம் கரு கலைந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நிக்கல’ என்போம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே யாராவது என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

“ஏக்கா, மகளுக்கு ரெண்டாவதும் நிக்கலையாமே?”

நான் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

மூன்றாவது தடவை உண்டானதும் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். கர்ப்பப்பை வாய்க்குப் பலம் இல்லை, தையல் போட்டிருக்கிறேன், படுத்தே இருக்க வேண்டும், அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும், பஸ்ஸில் மட்டும் ஏற்றவே கூடாது என்றார். மகளைத் திண்டுக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். முதலில் வாடகைக் கார்தான் பிடித்தோம். அது ஒரு நாள் கொடைரோடு தாண்டி ஆவி பறக்க நின்றுவிட்டது. உச்சி வெயில். டீக்கடை பெஞ்சில் மகள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பையன் தண்ணீருக்கு அலைந்தான். எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார்.

“இனிமே அடுத்தவன் வண்டிய நம்பிப் புள்ளயக் கூட்டிட்டுப் போகமாட்டேன். ஒரு பழைய வண்டி பாக்குறேன்.”

அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறி கூட அவருக்குப் பார்த்து வாங்கத் தெரியாது, சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வருவார். வண்டியில் மட்டும் அவரை ஏமாற்ற முடியாது. புதுக் கார் எங்களுக்கு எட்டாது. சின்னக் காரில் மகள் கால் நீட்ட முடியாது. அம்பாசிடர் உயரம், ஏறி இறங்கச் சிரமம். இரண்டுக்கும் நடுவில், தாழ்வாக, நீளமாக, பின்னால் டிக்கி வைத்து வந்ததே, அந்த மாதிரிக் கார்தான் வேண்டும் என்றார். கம்பெனிப் பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது.

பார்க்கப் போகும்போது என்னையும் வரச் சொன்னார். “நான் வந்து என்னத்தக் கண்டேன்?” என்றேன்.

“எனக்கு முன்சீட்டுத்தான் தெரியும். புள்ள படுத்து வரப்போறது பின்னால. நீ பின்னால ஒக்காந்து பாத்துச் சொல்லு” என்றார்.

முதல் கார் பழனி ரோட்டில் ஒரு புரோக்கரிடம் இருந்தது. வேப்பமர நிழலில் சிவப்பாக, கல்யாணப் பொண்ணு மாதிரி நின்றது. எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது. இவர் காரைச் சுற்றக்கூட இல்லை. நேராகப் போய் முன்பக்க மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

“தம்பி, வண்டி ஏன் சூடா இருக்கு?”

“வெயிலுண்ணே.”

“நெழல்லதான நிக்கிது? நாங்க வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டியோ?”

“சும்மா சார்ஜ் ஏறட்டும்னு போட்டேண்ணே.”

ஆறிக் கிடக்கிற வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால்தான் அதன் சீக்கு தெரியுமாம். அதை மறைக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம். பிறகு பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். உடைந்த ரேடியோ பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தது. கதவில் ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஒட்டாமல் பொத்தென்று கீழே விழுந்தது. அடிபட்டு நசுங்கின இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பிடிக்காது.

“மாவு நல்லாத்தான் அரைச்சிருக்கீக” என்றார் புரோக்கரிடம். அவன் சிரித்துக்கொண்டே, “அண்ணே, நீங்க வண்டி வாங்க வந்தீகளா, பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தீகளா?” என்றான்.

“மாப்ள பாத்தப்பக்கூட இம்புட்டுப் பாக்கலப்பா.”

இரண்டாவது கார் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம். மருதாணி இலையை அரைத்த மாதிரிப் பச்சை. பெயிண்ட் மங்கிப்போய், பின்சீட்டில் கோழி ஏறி இறங்கின அடையாளம் இருந்தது. எனக்கு மனசே இல்லை. ஆனால் மூடி குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினதும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தார், புகை வரவில்லை. புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கீழே விரித்திருந்த மிதியடியைத் தூக்கித் தகரத்தைத் தட்டினார். சக்கரங்களின் ரப்பர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

தோப்புக்காரர் பொறுமையான ஆள். “ஏனுங்க, எம்புட்டு வேணா பாருங்க. இந்த வண்டி எங்கயும் நிக்காதுங்க” என்றார்.

“பிரேக் போட்டாலுமா?” என்றார் இவர்.

“அட, நீங்க ஒண்ணுங்க!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் முந்தானைக்குள் சிரித்தேன்.

அப்புறம்தான் என் முறை. பின்சீட்டில் ஏறும் முன் அந்த வீட்டம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒரு சொம்பு நிறையத் தந்தார்கள். பாதி குடித்தேன், திரும்ப நிறைத்துத் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையோரம் பள்ளமும் மேடுமாக இருந்த தடத்தில் ஓட்டினார். தண்ணீர் அலம்பியது, என் சேலையில் கொஞ்சம் தெறித்தது, ஆனால் கொட்டவில்லை. பெட்ரோல் வாடை உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றினால் உடனே இறங்கியது. மகளுக்கு வாந்தி வந்தால் தாமதிக்காது. திரும்பி வந்து இறங்கும்போது தோப்புக்காரர், “ஏனுங்க அம்மிணி, சொம்பும் வண்டியோட சேத்திக் குடுக்கோணுமா?” என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“என்ன சொல்ற?” என்று இவர் என்னைக் கேட்டார். எதற்கும் என்னைக் கேட்கிற மனிதர் இல்லை. “இதுல படுத்து வரலாங்க” என்றேன். அதற்கு மேல் பேச்சு இல்லை. அதையே வாங்கினோம்.

கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மகள் அன்றைக்கு வரவில்லை, படுக்கையில் இருந்தாள். வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து விட்டதும் ஜன்னல் வழியாகப் பார்த்து, “என்னப்பா, தவளை மாதிரி இருக்கு!” என்றாள். அதிலிருந்து அதற்குத் தவளை என்றே பெயர்.

அந்தச் சில மாதம் போல் நான் சந்தோஷமாக இருந்தது இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. மதுரைக்குப் போகும்போது மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்து வருவாள். கல்யாணமான பிறகு அப்படி அவள் என்னிடம் படுத்தது அந்தக் காரில்தான். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஆயக்குடிக் கொய்யா வாங்கி உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டு எனக்குப் பாதி கடித்துக் கொடுப்பாள். பழைய கதை எல்லாம் பேசுவாள். இவர் முன்னால் இருந்துகொண்டு, பள்ளம் வந்தால் “பள்ளம்” என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார், பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்லுகிற மாதிரி.

ஒரு தடவை வாடிப்பட்டி தாண்டினதும் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். “அம்மா, அசையுது பாரு.” எனக்குத் தெரியவில்லை. கார் ஓடுகிற அதிர்வா, பிள்ளையா என்று பிரிக்க முடியவில்லை. “ஒண்ணும் தெரியலயேடி” என்றேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், ரோட்டோரப் புளியமரத்துக்கு அடியில் ஒதுக்கி என்ஜினை அணைத்துவிட்டார். எல்லாம் அமைதியானது. அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே, மீன் குஞ்சு வாலை ஆட்டின மாதிரி ஒன்று. நான் மூச்சு விடவில்லை. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தெரிஞ்சுச்சா?” என்று மட்டும் கேட்டார். “ம்” என்றேன். செத்த நேரம் இருந்துவிட்டுக் கிளப்பினார். அந்த வண்டி மதுரை ரோட்டில் வழியில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு காருக்குச் சின்னதாக ஒரு கோளாறு வந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் கசிந்து, சூடு காட்டுகிற முள் கொஞ்சம் மேலே ஏறத் தொடங்கியது. திண்டுக்கல்லிலேயே குழாயை மாற்றிவிட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த தடவை மதுரைக்குப் போகும்போது, தன்னோடு டெப்போவில் இருந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும் என்றார்.

அன்றைக்குச் சாதாரணமாகக் காட்டுகிற நாள்தான். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு லீவு, அவரும் வந்திருந்தார். அவருடைய அம்மாவும் வேடசந்தூரிலிருந்து கூட வந்திருந்தார்கள். மகளைப் படுக்க வைத்தால் பின்னால் ஒருத்தருக்குத்தான் இடம்.

“மதினி, நீங்கதான் எப்பவும் போறீகள்ல. இன்னைக்கு நான் போறேன்” என்றார் சம்பந்தியம்மா. அது நியாயந்தானே. நான் சாப்பாட்டுக் கேரியரை உள்ளே வைத்துவிட்டு விலகிக்கொண்டேன். மகள் அவர்கள் மடியில் தலை வைத்துப் படுத்தாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் நான் ஜன்னலோரம் போய், “வெயில் நேரம் பாத்து ஓட்டுங்க. திரும்பி வரயில வண்டி நின்னுபோச்சுன்னா புள்ள தாங்காது” என்றேன்.

“மெக்கானிக்கிட்டக் காட்டி நிக்குமா நிக்காதான்னு கேட்டுட்டு, டீச்சர் வீட்டுக்குப் போன் பண்றேன். போதுமா?” என்றார்.

டீச்சர் என்றது எங்கள் பக்கத்து வீட்டம்மா. தெருவில் போன் இருந்தது அவர்கள் வீட்டில்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன், டீச்சர் கூப்பிட்டார்கள். ஓடினேன். எனக்குப் போனில் பேசுவதென்றால் உதறல். கத்திப் பேசிவிடுவேன், அவர் சொல்வதில் பாதி காதில் விழாது. அன்றைக்கு லைனில் ஒரே இரைச்சல் வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

“கேக்குதா?” என்றார்.

“கேக்குதுங்க, சொல்லுங்க.”

“நிக்காதுன்னு சொல்லிட்டாங்க.”

எனக்குக் காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கினது. “அதான் தெரியுமே எனக்கு! நல்லதாப் போச்சு” என்றேன். “அவ சாப்பிட்டாளா? கேரியர்ல மேல்தட்டுல வெஞ்சனம் இருக்குன்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் “வச்சிர்றேன்” என்றார். வைத்துவிட்டார்.

“என்னவாம்?” என்று டீச்சர் கேட்டார்கள். “வண்டி எங்கயும் நிக்காதாம் டீச்சர், மெக்கானிக் சொல்லிட்டாராம்” என்றேன். வீட்டுக்கு வந்து மகளுக்குப் பிடிக்குமே என்று பால் பணியாரத்துக்கு ஊறப்போட்டேன். பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அரைத்தேன். அது மட்டும் மறக்காமல் இருக்கிறது.

பொழுது சாயும்போது கார் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தேன். பின்சீட்டு காலியாக இருந்தது. இவர் மட்டும் இறங்கினார். என்ஜினை அணைக்கவில்லை.

“புள்ள எங்க?”

“ஆஸ்பத்திரியில. அவளுக்குத் துணி எடுக்க வந்தேன்.”

“ஏன்? என்னாச்சு?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. “போன்ல சொன்னேன்ல. நிக்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு. நீதான நல்லதாப் போச்சுன்ன?”

“நான் வண்டியச் சொல்றீகன்னுல்ல…” என்றேன். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முன்பக்க மூடியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டார். அந்தச் சூட்டில் கை வெந்திருக்கும், எடுக்கவில்லை.

தையல் போட்டும் கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டதாம். டாக்டரம்மா பார்த்த உடனே நிக்காது என்று சொல்லிவிட்டார்களாம். இவர் போன் பேசி முடிப்பதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். மெக்கானிக்கைப் போய்ப் பார்க்கவே இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி நெடுக நான் அந்தச் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். அது அசையவே இல்லை.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சம்பந்தியம்மா ஸ்டூலில் இருந்து எழுந்தார்கள். போன் பேசும்போது அவர்கள் இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். என்ன சொல்கிறாள் என்று கேட்டதற்கு, இவர் திகைத்துப்போய், நல்லதாப் போச்சுங்குறா என்று அப்படியே சொல்லியிருக்கிறார்.

“வாங்க மதினி. நல்லதாப் போச்சுன்னீகளாமே?” என்றார்கள். மகளுக்குக் கேட்கும்படியாகத்தான்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறவளிடம், நான் காரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்றா? அது இன்னும் மோசமாக அல்லவா கேட்கும். மகளின் முதுகைத் தொட்டேன். அவள் திரும்பவில்லை. தட்டிவிடவும் இல்லை. நான் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா இனி உண்டாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு தேறியதும் மகள் வேடசந்தூருக்குக் கிளம்பினாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்று இவர் சாவியை எடுத்தார். “இல்லப்பா, இனிமே பஸ்ல போகலாம்ல” என்றாள். பஸ்ஸில்தான் போனாள்.

நடந்ததை இவர் ஒரு நாள் அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். “தெரியும்ப்பா” என்றாளாம். அவ்வளவுதான். அவளும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. திருவிழாவுக்கு வருவாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள், எனக்கு மருந்து வாங்கிக் கொடுப்பாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மடியில் தலை வைக்கவில்லை.

கார் அதன் பிறகும் வருடக்கணக்கில் ஓடியது. நாங்கள் அதில் பார்த்து வாங்கினது ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. எங்கேயாவது அது நின்றிருந்தால், பார்க்கத் தவறிவிட்டோம் என்று அதைத் திட்டியாவது இருப்பேன். இவருக்குக் கண் மங்கினதும் விற்றுவிடலாம் என்றார். தொப்பம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பிடித்துப்போய், கடைசியில், “வழியில நிக்குமாங்க?” என்று கேட்டார். இவர் தண்ணீர் குடிக்கப்போகிறவர்போல உள்ளே போய்விட்டார். வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்திருப்பார். “அப்புறம் வாரேனுங்க” என்று போனவர் வரவே இல்லை. பிறகு இவருடைய தம்பி மகன் ஒன்றும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் என்னிடம் பேசுகிறவர் இனி யாரும் இல்லை, மகளைத் தவிர.

இதை யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு தடவை வாசித்துச் சரி பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களை மாற்றி எழுதியிருப்பேன். எத்தனையாவது மாதம் என்று எங்கேயும் எழுதவில்லை, அதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது. நான் போய்ச் சேரும் முன் ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் நான் கேள்விப்பட்டது, என் கண்ணால் பார்த்தது இல்லை. அந்தக் குழந்தை வருகிற இடத்தில் எல்லாம் பிள்ளை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறேன், பேத்தி என்றோ பேரன் என்றோ எழுதவில்லை. ஆணா பெண்ணா என்று இவர் என்னிடம் சொல்லவில்லை. நான் அப்போது கேட்கவில்லை, பிறகு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல மனசு இருந்தால் அதை மட்டும் திருத்தித் தரட்டும்.